லாரிக்கு அடியில் ஒரு மனிதன்!

ரசிகர்கள் கைதட்டிய ராணுவ லாரி ஸ்டண்டு: முகம் காட்டாத வீரர்களின் கதை

பாலைவன ரோடு. புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு ராணுவ லாரி பறக்கிறது. லாரியின் மூக்கில் ஒரு ஆள் தொங்குகிறான்! ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கம்பிகளை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறான். கம்பி வளைகிறது. காலுக்குக் கீழே ரோடு ஓடுகிறது.

ஸ்டீரிங்கைப் பிடித்திருப்பவன் எதிரி. முன்னால் போகிற காரின் பின்புறத்தில் லாரியை மோதி, நடுவில் தொங்குகிறவனை நசுக்கிவிடப் பார்க்கிறான். ஆள் தீர்ந்தான் என்று தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, அவன் லாரிக்கு அடியில் போய்விடுகிறான்!

ஓடுகிற லாரியின் அடி வயிற்றைப் பிடித்து, கை மாற்றிக் கை மாற்றி, பின்பக்கம் வரைக்கும் நகர்கிறான். கையில் இருந்த சாட்டையை லாரியில் மாட்டிக்கொள்கிறான். பின்பக்கமாக வெளியே வருகிறான். தரதரவென்று ரோட்டில் இழுபடுகிறான். அந்தச் சாட்டையைப் பிடித்தே மறுபடி லாரியில் ஏறி, ஸ்டீரிங்கில் இருந்தவனைத் தூக்கி வெளியே எறிகிறான்.

விசில் பறக்காமல் இருக்குமா?

1981-ல் வெளிவந்து உலகம் முழுவதும் வசூலை வாரிக் குவித்த "ரெய்டர்ஸ் ஆப் தி லாஸ்ட் ஆர்க்" படத்தில்தான் இந்தக் காட்சி. டைரக்டர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். கதையை உருவாக்கியவர்களில் ஒருவர் ஜார்ஜ் லூகாஸ். தலையில் தொப்பியும் கையில் சாட்டையுமாக வரும் கதாநாயகன் இண்டியானா ஜோன்ஸ் வேடத்தில் ஹாரிசன் போர்டு.

கைதட்டல் எல்லாம் ஹாரிசன் போர்டுக்குப் போயிற்று. ஆனால் லாரிக்கு அடியில் போன ஆள் அவர் இல்லை!

யார் அந்த ஆள்?

அவர் பெயர் டெர்ரி லியோனார்டு. ஸ்டண்டு நடிகர். கதாநாயகன் உடுப்பைப் போட்டுக்கொண்டு, கதாநாயகன் தொப்பியை வைத்துக்கொண்டு, கதாநாயகனுக்காக அடிபடுகிறவர். நம் ஊர்ப் பாஷையில் சொன்னால் 'டூப்'.

ஹாரிசன் போர்டும் சும்மா இருந்துவிடவில்லை. லாரிக்குப் பின்னால் இழுபடும் சில ஷாட்டுகளில் முகம் தெரிய வேண்டும் என்பதற்காக அவரே கயிற்றைப் பிடித்து இழுபட்டார். விலாவில் அடியும் பட்டது. ஆனால், லாரியின் மூக்கிலிருந்து வால் வரைக்கும் அடி வழியாகப் போன அந்த ஆபத்தான வேலை லியோனார்டு செய்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இதே வித்தையைச் செய்யப் போய் அதற்குக் கொஞ்ச காலம் முன்புதான் லியோனார்டு படுகாயம் அடைந்திருந்தார்!

அந்தக் கதையைச் சொல்ல வேண்டும் என்றால் லாரியை விட்டு இறங்கிக் குதிரை வண்டிக்குப் போக வேண்டும்.

குதிரை வண்டியில் பிறந்த வித்தை

1939-ல் "ஸ்டேஜ்கோச்" என்று ஒரு படம். ஜான் போர்டு டைரக்ஷன். ஜான் வெயின் கதாநாயகன். பயணிகளை ஏற்றிக்கொண்டு போகும் ஆறு குதிரை பூட்டிய கோச் வண்டியைச் செவ்விந்தியர்கள் துரத்துகிறார்கள்.

அதில் ஒருவன் தன் குதிரையிலிருந்து தாவி, வண்டிக் குதிரைகள் மேல் குதிக்கிறான். ஜான் வெயின் சுடுகிறார். அவன் இரண்டு குதிரைகளுக்கு நடுவே விழுந்து, வண்டியின் ஏர்க்காலைப் பிடித்துக்கொண்டு இழுபடுகிறான். பிறகு கையை விட்டுவிடுகிறான். குதிரைகள் அவனைத் தாண்டிப் போகின்றன. வண்டியும் அவன் மேலாகப் போய்விடுகிறது. பின்னால் ரோட்டில் அவன் கிடக்கிறான்.

அப்படிக் கிடந்தவர் யாகிமா கானட். குதிரை அடக்கும் போட்டிகளில் சாம்பியனாக இருந்து சினிமாவுக்கு வந்தவர். ஹாலிவுட் ஸ்டண்டுக்காரர்கள் இன்றைக்கும் குருநாதராகக் கும்பிடுகிற மனிதர்.

அவர் ஒரு ரகசியம் சொல்லி வைத்திருந்தார். குதிரைகளை மெதுவாக ஓட்டினால்தான் ஆபத்தாம்! மெதுவாகப் போகிற குதிரை இப்படியும் அப்படியும் கால் மாற்றி வைக்கும். தலைதெறிக்க ஓடினால் நேர்கோட்டில் ஓடும். நேராக ஓடினால்தான் நடுவில் கிடக்கிறவன் பிழைப்பான்.

பார்க்கிறவனுக்கு வேகம் பயம். செய்கிறவனுக்கு வேகம் பாதுகாப்பு. ஸ்டண்டு என்பது முரட்டுத் துணிச்சல் இல்லை, கணக்கு என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

காலில் ஏறிய சக்கரம்

கானட் செய்த அந்த வித்தையைத் தானும் செய்து காட்ட வேண்டும் என்று டெர்ரி லியோனார்டுக்கு ஆசை. "தி லெஜன்ட் ஆப் தி லோன் ரேஞ்சர்" என்ற படத்தில் சந்தர்ப்பம் வந்தது. அதுவும் 1981-ல் வெளியான படம். அதிலும் கோச் வண்டி, அதிலும் அடியில் போகும் காட்சி.

கணக்கு தப்பியது. வண்டிச் சக்கரம் லியோனார்டின் கால்களில் ஏறி இறங்கிவிட்டது.

வேறு ஆளாக இருந்தால் வேலையே வேண்டாம் என்று வீட்டுக்குப் போயிருப்பார். லியோனார்டு அப்படிப் போகவில்லை. ஸ்பீல்பெர்க் படத்தில் அதே வித்தையை லாரியை வைத்துச் செய்யப் போகிறார்கள் என்று தெரிந்ததும், இன்னொரு தடவை செய்து பார்த்துவிடுகிறேன் என்று முன்வந்தார்.

ஆனால் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"டிரைவர் யார்?"

லாரி ஸ்டண்டில் அடியில் போகிற ஆளின் உயிர் அவன் கையில் இல்லை. டிரைவர் கையில் இருக்கிறது. ஸ்டீரிங் ஒரு முழம் இப்படிப் போனால் சக்கரம் ஆள் மேல். திடீரென்று பிரேக் அடித்தாலும் ஆபத்து. சட்டென்று வேகம் கொடுத்தாலும் ஆபத்து. இதில் கஷ்டம் என்னவென்றால், அடியில் இருக்கிறவனை டிரைவரால் பார்க்கவே முடியாது!

ஆகவே லியோனார்டு சொல்லிவிட்டார்: என் நண்பர் கிளென் ராண்டால் லாரியை ஓட்டினால்தான் நான் அடியில் போவேன்.

கிளென் ராண்டால் சாதாரண டிரைவர் இல்லை. அந்தப் படத்துக்கே ஸ்டண்டு மாஸ்டர் அவர்தான். ராண்டால் ஸ்டீரிங்கில் உட்கார்ந்தார். லியோனார்டு லாரிக்கு அடியில் போனார்.

இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது ஒரு இரும்புத் தகடும் ஒரு நம்பிக்கையும்!

ரோட்டில் வெட்டிய பள்ளம்

நம்பிக்கை மட்டும் போதுமா? அதற்கு மேலும் ஏற்பாடு இருந்தது.

ஷூட்டிங் நடந்தது வட ஆப்பிரிக்காவில் இருக்கும் துனீசியா நாட்டில். 1980-ம் வருஷம். கதைப்படி அது 1936-ல் எகிப்து தேசம். பாலைவன வெயிலில் இரண்டாவது யூனிட் டைரக்டர் மைக்கேல் மூர் பெரும்பாலான லாரி ஷாட்டுகளை எடுத்தார். எந்த ஷாட் எப்படி வர வேண்டும் என்று ஸ்பீல்பெர்க் முன்கூட்டியே படம் வரைந்து கொடுத்திருந்தார்.

முதல் ஏற்பாடு, லாரியின் உயரம். சாதாரண லாரியைவிடத் தரையிலிருந்து உயரமாக இருக்கும்படி அதைக் கட்டினார்கள்.

இரண்டாவது ஏற்பாடு, ரோடு. எந்த லாரியையும் குனிந்து பார்த்தால் தெரியும். பின் அச்சின் நடுவே உருண்டையாக ஒரு பல்சக்கரப் பெட்டி தொங்கும். மல்லாந்து கிடக்கிறவன் நெஞ்சில் அது இடித்தால் கதை முடிந்தது. அதனால் ரோட்டின் நடுவே நீளமாகப் பள்ளம் வெட்டினார்கள். இரண்டு பக்கச் சக்கரமும் மேட்டில் போகும். ஆள் பள்ளத்தில் போவான். காமிரா வைத்த கோணத்தில் பார்த்தால் பள்ளம் கண்ணில் படாது!

மூன்றாவது ஏற்பாடு, காமிரா. சினிமாப் படம் ஒரு விநாடிக்கு 24 சட்டம் என்ற கணக்கில் ஓடுகிறது. இந்தக் காட்சியைச் சுமார் 20 சட்டம் என்ற கணக்கில் எடுத்தார்கள். எடுத்தது 20, ஓட்டுவது 24. ஆக, லாரி 20 மைல் வேகத்தில் போனால் திரையில் 24 மைல் வேகம் போலத் தெரியும்.

உயரம் கொஞ்சம், பள்ளம் கொஞ்சம், காமிரா தந்திரம் கொஞ்சம். இவ்வளவும் சேர்ந்துதான் ஒரு மனிதன் உயிரோடு வெளியே வந்தான்.

இத்தனை செய்தும் ஆபத்து முழுக்கப் போய்விடவில்லை. லாரி நிஜ லாரி. ரோடு நிஜ ரோடு. அடியில் கிடந்தது நிஜ மனிதன். லியோனார்டு பின்பக்கமாக வெளியே வந்து எழுந்து நின்றபோதுதான் யூனிட்டுக்கு உயிர் வந்திருக்கும்.

வேஷம் போட்ட லாரி

அந்த லாரிக்கும் ஒரு கதை உண்டு. படத்தில் அது ஜெர்மன் ராணுவத்தின் பென்ஸ் லாரி. முன்னால் பென்ஸ் நட்சத்திரம் கூட இருக்கும். ஆனால் உள்ளே இருந்த ஜாதகம் வேறு! ஜெர்மன் முகமூடி போட்ட அமெரிக்க ராணுவ லாரி அது.

இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்காவின் ஜி.எம்.சி. கம்பெனி 'சி.சி.கே.டபிள்யூ.' என்ற இரண்டரை டன் லாரியைச் செய்தது. 1941-லிருந்து 1945-க்குள் எத்தனை லாரி தெரியுமா? ஐந்தரை லட்சத்துக்கும் மேல்! சிப்பாய்கள் அதைச் செல்லமாக 'ஜிம்மி' என்று கூப்பிட்டார்கள்.

1944-ல் நேச நாட்டுப் படைகள் பிரான்சில் இறங்கி ஜெர்மனியை நோக்கி வேகமாக முன்னேறின. ரெயில் பாதைகள் குண்டு விழுந்து நாசமாகிக் கிடந்தன. பெட்ரோலும் குண்டும் சாப்பாடும் முன்னணிக்குப் போக வேண்டுமே! ராத்திரி பகல் பாராமல் லாரிகளை வரிசையாக ஓட விட்டார்கள். 'ரெட் பால் எக்ஸ்பிரஸ்' என்று அதற்குப் பெயர். ஆகஸ்டு முதல் நவம்பர் வரை சுமார் மூன்று மாத காலம் அந்த லாரி ஓட்டம் நடந்தது.

ஓட்டிய டிரைவர்களில் நான்கில் மூன்று பேர் கறுப்பின வீரர்கள். பீரங்கிப் படைக்கும் டாங்கிப் படைக்கும் பத்திரிகையில் பெரிய பெரிய தலைப்பு வந்தது. இந்த டிரைவர்கள் பெயர் யாருக்குத் தெரியும்? முகம் தெரியாத மனிதர்கள் உழைப்பில் ஓடுவதுதான் இந்த லாரியின் தலையெழுத்து போலும். யுத்தத்திலும் அப்படி, சினிமாவிலும் அப்படி!

ஏன் ராணுவ லாரி?

யுத்தம் முடிந்ததும் இந்த லாரிகள் எல்லாம் உபரியாகிவிட்டன. பல நாடுகளில் சல்லிசான விலைக்குக் கிடைத்தன. சினிமாக்காரர்கள் விடுவார்களா?

விலை மட்டும் காரணம் இல்லை. ராணுவ லாரி ஸ்டண்டுக்கென்றே செய்தது போல இருக்கும்.

தரையிலிருந்து நல்ல உயரம். கல், மேடு, பள்ளம் எதற்கும் அஞ்சாது. அடியில் ஏணி மாதிரி இரண்டு நீளமான இரும்புச் சட்டம். மேல் உடம்பை வெட்டி எடுத்துவிட்டு வேறு உடம்பு மாட்டினாலும் லாரி ஓடும். காமிராவைக் கட்டி வைக்க, ஆளைக் கயிறு போட்டு நிறுத்த, எங்கே வேண்டுமானாலும் கொக்கி அடிக்கலாம்.

எல்லாச் சக்கரமும் இழுக்கும். மணலானாலும் சேறானாலும் நின்றுவிடாது. ஷாட் நடுவே வண்டி நின்றால் பணமும் போச்சு, வெளிச்சமும் போச்சு!

கதவுக்குக் கீழே கால் வைக்கத் தோதான படி. பின்னால் கித்தான் கூடாரம். சண்டை போடுகிற ஆள் தாவிப் பிடிக்கவும், கித்தானைக் கிழித்துக்கொண்டு உள்ளே குதிக்கவும் சௌகரியம். "ரெய்டர்ஸ்" படத்தில் சிப்பாய்கள் கூடாரத்தின் பக்கவாட்டில் பிடித்துப் பிடித்து டிரைவரை நோக்கி நகர்ந்து வருகிற காட்சியை நினைத்துப் பாருங்கள். மூடிய இரும்பு வேன் என்றால் அந்தக் காட்சியே இல்லை.

மறு வருஷம், 1982-ல் வந்த "பர்ஸ்ட் பிளட்" படத்திலும் இதே கதைதான். சில்வெஸ்டர் ஸ்டாலோன் ராணுவ லாரியைக் கைப்பற்றிப் போலீஸ் தடுப்பை உடைத்துக்கொண்டு ஊருக்குள் பாய்கிறார். பெட்ரோல் பங்க்கில் கொண்டுபோய் விடுகிறார். எடுத்தது கனடா நாட்டில் ஹோப் என்ற சின்ன ஊரில். போலீஸ் காரைத் தள்ளிவிட்டுப் போக லாரியைவிடப் பொருத்தமான வண்டி எது?

ஊசலாடிய பாலம்

ராணுவ லாரியைக் கதாநாயகன் ஆக்கிய படம் ஒன்று உண்டு. 1977-ல் வந்த "சார்சரர்". டைரக்டர் வில்லியம் பிரீட்கின். "எக்சார்சிஸ்ட்" பேய்ப் படம் எடுத்து உலகத்தையே நடுங்க வைத்தவர்.

கதை இதுதான். தென் அமெரிக்கக் காடு ஒன்றில் எண்ணெய்க் கிணறு தீப்பிடித்து எரிகிறது. அணைக்க வேண்டும் என்றால் வெடி வைக்க வேண்டும். கையில் இருப்பது கெட்டுப்போன வெடிமருந்து. நைட்ரோ கிளிசரின் கசிந்து நிற்கிறது. கொஞ்சம் குலுங்கினாலும் வெடித்துவிடும். அதை 200 மைலுக்கு மேல் காட்டு வழியாகக் கொண்டுபோக வேண்டும். இரண்டு பழைய லாரி, நான்கு ஆள். நால்வரும் ஊரை விட்டு ஓடி வந்து ஒளிந்திருக்கும் ஆசாமிகள்.

அந்த இரண்டு லாரியும் அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்த ஜி.எம்.சி. எம்-211 ரகம். ஒன்றின் மேல் 'லாசரோ' என்று பெயர். இன்னொன்றின் பெயர்தான் படத்தின் பெயர்.

கொட்டுகிற மழை. கீழே பொங்கி ஓடும் ஆறு. மேலே அறுந்துவிழப் பார்க்கிற கயிற்றுப் பாலம். அதன் மேல் வெடிமருந்து லாரி! லாரி ஒரு பக்கம் சாய்கிறது. பலகை முறிகிறது. பார்க்கிற நமக்கு நாற்காலியில் உட்கார முடியாது.

பாலத்துக்குள்ளே எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் இயந்திரங்களை ஒளித்து வைத்திருந்தார்கள். பாலம் எவ்வளவு ஆட வேண்டும், லாரி எவ்வளவு சாய வேண்டும் என்பதெல்லாம் அந்த இயந்திரத்தின் கையில். செலவு சுமார் பத்து லட்சம் டாலர்! பாலத்துக்கு மட்டும்!

கட்டியது கரிபியன் கடலில் இருக்கும் டொமினிகன் குடியரசில். கட்டி முடித்தார்கள். அப்புறம் நடந்ததுதான் கூத்து. ஆற்றில் தண்ணீர் வற்றிவிட்டது!

பாலத்தைப் பிரித்து மெக்சிகோவுக்குக் கொண்டுபோனார்கள். டுக்ஸ்டபெக் என்ற ஊர்ப் பக்கம் மறுபடி கட்டினார்கள். அங்கேயும் தண்ணீர் குறைந்தது! பம்பு வைத்து மழையைக் கொட்டினார்கள். ஹெலிகாப்டர் வைத்துப் புயல் காற்று வீசவிட்டார்கள்.

இவ்வளவு கணக்குப் போட்டும் லாரி பல தடவை ஆற்றில் விழுந்தது. பல ஷாட்டுகளில் நடிகர்களே ஸ்டீரிங் பிடித்தார்கள். கதாநாயகன் ராய் ஷைடர் ஏற்கெனவே "ஜாஸ்" படத்தில் சுறா மீனோடு போராடியவர். இந்தப் படத்தோடு ஒப்பிட்டால் அது உல்லாசப் பயணம் மாதிரி என்று பின்னால் சொன்னார்.

இந்தப் படத்துக்கு ஸ்டண்டு மாஸ்டர் பட் எக்கின்ஸ். 1963-ல் வந்த "தி கிரேட் எஸ்கேப்" படத்தில் மோட்டார் சைக்கிளில் முள்வேலியைத் தாண்டும் காட்சி நினைவிருக்கிறதா? ஸ்டீவ் மெக்குவீனுக்காக அந்தத் தாவலைத் தாவியவர் இவர்தான். அங்கேயும் கைதட்டல் ஸ்டாருக்கு, எலும்பு இவருடையது.

இத்தனை பாடுபட்டும் படம் ஓடவில்லை. ஒரு மாதம் முன்னால் "ஸ்டார் வார்ஸ்" வந்து கூட்டத்தை எல்லாம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. இன்றைக்கு அதே "சார்சரர்" படத்தை ரசிகர்கள் தேடிப் பிடித்துப் பார்க்கிறார்கள். 2013-ல் வெனிஸ் பட விழாவில் புதுப்பித்த பிரதியைத் திரையிட்டு, பிரீட்கினுக்கு வாழ்நாள் சாதனை விருதும் கொடுத்தார்கள். பிரீட்கின் 2023-ல் காலமானார். பாலத்தின் மேல் அந்த லாரி இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.

எட்டுச் சக்கர அரக்கன்

இப்போது எல்லாம் கம்ப்யூட்டர் ஆயிற்றே, நிஜ லாரி எதற்கு என்று கேட்பீர்கள்.

2015-ல் வந்த "மேட் மேக்ஸ்: ப்யூரி ரோடு" படத்தைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். டைரக்டர் ஜார்ஜ் மில்லர். ஆப்பிரிக்காவின் நமீபியா பாலைவனத்தில் 2012-ல் எடுத்த படம். சுமார் 150 வண்டிகளைக் கட்டினார்கள். படம் முழுக்க துரத்தல்தான்!

அதில் ஒரு வண்டி வரும். பின்னால் முரசு அடிக்கிறவர்கள். முன்னால் ஒலிபெருக்கி மலை. அதன் முன்னே கயிற்றில் தொங்கிக்கொண்டு நெருப்புக் கக்கும் கிதார் வாசிக்கும் ஒருவன். அந்த வண்டிக்கு ஆதாரம் என்ன தெரியுமா? ராணுவத்தில் ஏவுகணை சுமந்த எட்டுச் சக்கர 'எம்.ஏ.என்.' லாரி! கிதாரில் வந்த நெருப்பும் நிஜ நெருப்பு.

ஸ்டண்டு மாஸ்டர் கை நாரிஸ். ஓடுகிற வண்டிகளில் உயரமான கம்பங்களை நட்டு, உச்சியில் ஆளை நிறுத்தி, ஊஞ்சல் மாதிரி ஆட விட்டார். கம்ப்யூட்டர் உதவி இல்லாமல் இல்லை. பாதுகாப்புக் கயிற்றை அழிக்க, வானத்தின் நிறத்தை மாற்ற எல்லாம் அது வேண்டியிருந்தது. ஆனால் லாரி ஓடியது நிஜம். ஆள் ஆடியது நிஜம்.

பரிசு யாருக்கு?

இனி ஆஸ்கார் கணக்கைப் பார்ப்போம்.

"ரெய்டர்ஸ்" படத்துக்கு 1982-ல் ஆஸ்கார் பரிசுகள் குவிந்தன. கலை அமைப்புக்குப் பரிசு. எடிட்டிங்குக்குப் பரிசு. ஒலிப்பதிவுக்குப் பரிசு. தந்திரக் காட்சிகளுக்குப் பரிசு. ஒலி விளைவுகளுக்குத் தனியாகச் சிறப்புப் பரிசு. லாரிக்கு அடியில் போனவருக்கு?

ஒன்றும் இல்லை!

"ப்யூரி ரோடு" படத்துக்கு 2016-ல் ஆறு ஆஸ்கார். உடை, மேக்கப், கலை, எடிட்டிங், ஒலிக்கு இரண்டு. கம்பத்தின் உச்சியில் ஆடியவர்களுக்கு?

அப்போதும் ஒன்றும் இல்லை!

யாராவது ஓரவஞ்சனை செய்தார்கள் என்று நினைக்க வேண்டாம். ஸ்டண்டுக்கு என்று ஆஸ்காரில் ஒரு பிரிவே கிடையாது. உடை தைத்தவருக்கு உண்டு. அந்த உடையைப் போட்டுக்கொண்டு லாரிக்கு அடியில் போனவருக்கு இல்லை. குருநாதர் யாகிமா கானட்டுக்கு 1967-ல் கௌரவ ஆஸ்கார் கொடுத்தார்கள். ஒரு பெரியவருக்கு மரியாதை செய்தது சரி. தொழிலுக்கு?

ஸ்டண்டுக்காரர்கள் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். முன்பு ஸ்டண்டு நடிகராக இருந்து டைரக்டர் ஆன டேவிட் லீச் போன்றவர்கள் விடாமல் வாதாடினார்கள். கடைசியில் 2025 ஏப்ரலில் ஆஸ்கார் அகாடமி கதவைத் திறந்தது. 2027-ல் வெளிவரும் படங்களிலிருந்து ஸ்டண்டு வடிவமைப்புக்குத் தனிப் பரிசு என்று அறிவித்தது. 2028-ல் நடக்கும் 100-வது ஆஸ்கார் விழாவில் முதல் பரிசு. நூறு விழா தேவைப்பட்டிருக்கிறது!

இந்த விஷயத்தில் நம் நாடு முந்திக்கொண்டது என்று சந்தோஷமாகச் சொல்லலாம். 2017-ல் அறிவித்த 64-வது தேசிய சினிமா விருதுகளில் ஸ்டண்டு அமைப்புக்கு என்று முதல் தடவையாக விருது சேர்த்தார்கள். அதைப் பெற்றவர் தமிழ் ரசிகர்களுக்கு நன்றாகத் தெரிந்த பீட்டர் ஹெயின். படம், மலையாளத்தில் வந்த "புலிமுருகன்".

விருது வந்துவிட்டது. ஆபத்து போய்விட்டதா?

2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு தமிழ்ப் படத்தின் ஷூட்டிங். கார் பாய்ந்து விழும் காட்சி. பல வருஷ அனுபவம் உள்ள ஸ்டண்டு கலைஞர் ஒருவர் அந்தக் காட்சியில் உயிர் இழந்தார். கோடம்பாக்கமே கலங்கிப் போயிற்று. அவர் வீட்டில் உலை வைக்க இனி அவர் வரப் போவதில்லை.

ஆகவே, பரிசு மட்டும் போதாது. பள்ளம் வெட்டியாகிவிட்டதா, லாரி உயரம் சரியா, ஸ்டீரிங்கில் யார் என்று அடியில் போகிற ஆள் கேட்டால், பதில் சொல்லிவிட்டுத்தான் காமிராவை ஓடவிட வேண்டும். டெர்ரி லியோனார்டு கேட்டார். கேட்டதை யூனிட்டும் செய்து கொடுத்தது. அதனால்தான் பிழைத்து எழுந்தார். அப்படிக் கேட்கிற உரிமை ஒவ்வொரு ஸ்டண்டு தொழிலாளிக்கும் இருக்க வேண்டும். கேட்டதற்காக அடுத்த படத்தில் வேலை போய்விடவும் கூடாது.

வாசகர்கள் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. படம் முடிந்து பெயர்ப் பட்டியல் ஓடும்போதே பஸ்ஸைப் பிடிக்க எல்லோரும் எழுந்துவிடுகிறோம். பஸ் அடுத்ததும் வரும். ஒரு நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். 'ஸ்டண்டு' என்ற தலைப்புக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரிசை ஓடும்.

நீங்கள் கைதட்டிய ஆசாமி அந்த வரிசையில்தான் இருப்பார்!